அறச்செம்மலின் இரும்பு அலமாரி

சேதுமாதவனுக்கு அழுகை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கு சிவக்கும். இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவள் அவர் மனைவி சுசீலா ஒருத்திதான். சவூதியில், தம்மாம் நகரத்தில் ஓர் ஓட்டல் மாடி ஹால். முந்தின நாள் யாருடைய பிள்ளைக்கோ நடந்த பிறந்தநாளின் பலூன்கள் இன்னும் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடையில் மூக்கு சிவந்ததும், முன்வரிசையில் இருந்த சுசீலா பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்துவிட்டதய்யா! இனி கர்சீப்தான். கர்சீப்பும் வந்தது.

"அந்த மகான்..." என்றார் சேதுமாதவன் மைக்கில். கையிலிருந்த தாளை ஒரு கணம் மார்போடு அணைத்துக்கொண்டார். "ஜார் மன்னனின் அரண்மனை நிழலில் நின்றுகொண்டே, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மகான் பாடம் நடத்தினார். எந்தப் பாடம்? ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொத்தாக முடியாது என்ற பாடம்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

மகான் என்று அவர் உருகியது இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ரஷ்ய வாத்தியாரை நினைத்து. சட்டமும் அறவியலும் சொல்லிக்கொடுத்த மனிதர். பண்ணையாட்களை நிலத்தோடு சேர்த்து விற்றுக்கொண்டிருந்த தேசத்தில், மனிதன் பிறப்பிலேயே சுதந்திரமானவன் என்று புத்தகம் எழுதினார். புத்தகத்தைத் தேடித்தேடிப் பறிமுதல் செய்தார்கள். பல்கலைக்கழக வேலையும் போயிற்று. நல்ல மனிதர்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய பெயர் சேதுமாதவன் நாக்கில் கடைசிவரை ஏறவில்லை. விழாச் செயலாளர் கௌரிசங்கர் அடித்த பேனரில் அதைவிட மோசமாக ஏறியிருந்தது. அதனால் எல்லாரும் கூடிப்பேசி 'ரஷ்ய ஆசான்' என்று முடித்துக்கொண்டார்கள்.

அந்த ஆசானைக் கண்டுபிடித்ததே சுசீலாதான். தம்மாமில் ஓர் இந்தியப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சட்டப் பாடம் எடுக்கிறாள். வகுப்புக்காகத் தேடியபோது அகப்பட்டவரை உரையாக எழுதிப் புருஷன் கையில் கொடுத்தாள். இன்று நேற்றா, கல்யாணமான காலத்திலிருந்து சேதுமாதவனின் ஒவ்வொரு மேடைப்பேச்சும் அவள் எழுதியது. அவர் வாசிப்பார், அவ்வளவுதான். அதிலும் ஒரு கொள்கை உண்டு. மேடையில் ஏறும்வரை தாளைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். "முன்னாடியே படிச்சுட்டா மேடையில ஃபீலிங் வராது சுசீ. கண்ணீர் ஃப்ரெஷ்ஷா வரணும்" என்பார். கண்ணீரை மீன் வாங்குகிற மாதிரி வாங்குகிற மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கைதட்டல் கேட்கும்போது சுசீலாவுக்கும் உள்ளூர ஜில்லென்றுதான் இருக்கும். அவளுடைய வாக்கியங்கள் அல்லவா!

சேதுமாதவன் பக்கத்து ஊரான ஜுபைலில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சட்டமும் நிர்வாகமும் பார்க்கும் மேனேஜர். பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி. அவர் அறையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் இருக்கிற அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும் அதற்குள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டம் படித்த சேதுமாதவனுக்கு அது தெரியாதா? சுசீலா பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"கம்பெனி ரூல் சுசீ. ஃபவாஸ் ஆர்டர். நான் வாயைத் தொறந்தா அடுத்த ஃப்ளைட்ல நாமதான் ஊருக்குப் போகணும்."

ஃபவாஸ் என்பவர் ஜெனரல் மேனேஜர். அவர் பேரைச் சொல்லும்போதே சேதுமாதவனின் குரல் இறங்கிவிடும். பயந்தாங்கொள்ளி, என்ன செய்வது என்று சுசீலா விட்டுவிடுவாள். பயத்தில்தானே வீட்டு வாடகை கட்டுகிறோம், பயத்தில்தானே சோறு வேகிறது என்று அவளே அவருக்கு வக்காலத்து வாங்கி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வாள்.

அன்றைய கூட்டத்துக்குத் திரும்புவோம். நாற்காலி நிறைய வேண்டுமே! தம்மாம் குடும்பஸ்தர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏசியைப் போட்டுக்கொண்டு குறட்டை விடுவார்களே தவிர, ரஷ்ய வாத்தியாரைக் கேட்கவா ஓடி வருவார்கள்? அதற்குத்தான் ஜுபைல் கேம்ப் பஸ். கௌரிசங்கர் போன் போடுவார், சேதுமாதவன் பஸ்ஸை அனுப்புவார். வாரம் முழுக்க வெயிலில் வெந்தவர்கள் பிரியாணிப் பொட்டலத்தை நம்பி ஏறி வந்து பின்வரிசைகளை நிரப்புவார்கள். சாதாரணமாகக் கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. கூட்டம் தெரிய வேண்டும் என்கிறபோது மட்டும் திரும்பும்.

கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அதுவும் கௌரிசங்கரின் ஏற்பாடுதான். யார் எழுந்து என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார். பின்வரிசைக்கு அன்று ஒதுக்கிய கேள்வி, "ரஷ்ய ஆசானிடம் இன்றைய இளைஞர்கள் கற்க வேண்டியது என்ன?" அதைக் கேட்க எழுந்தவன் அருள்முருகன். முப்பதைத் தொடுகிற வயது, வெயிலில் கறுத்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சார், வணக்கம். எம்பேரு அருள்முருகன். முதுகுளத்தூர்ப் பக்கம். நம்ம கம்பெனியிலதான் சாரம் கட்டுற வேலை" என்று ஆரம்பித்தவன், ஒதுக்கிய கேள்வியை விட்டுவிட்டான். "ஒரு ஆளு இன்னொரு ஆளுக்குச் சொத்தாக முடியாதுன்னு சொன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு சார். எனக்கு ஆவணியில கல்யாணம். போர்மேன் லீவு குடுத்துட்டாரு. பாஸ்போர்ட்டு மட்டும் உங்க ஆபீஸ்ல இருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவ முகூர்த்தம் தள்ளிப்போயிருச்சு, கடைசியா தையில. இந்தத் தடவயும் வரலைன்னா வேற எடம் பாத்துக்கிறோம்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாக. பாஸ்போர்ட்ட எப்ப சார் தருவீங்க?"

கௌரிசங்கருக்கு முகம் வெளிறிவிட்டது.

சேதுமாதவன் லேசுப்பட்டவரா? புன்னகைத்தார். "அருமையான கேள்வி தம்பி!" என்றார். சுதந்திரம் என்பது உள்ளத்தில் தொடங்குவது என்றார். சட்டம் என்பது படிப்படியாக ஏற வேண்டிய மலை என்றார். ரஷ்ய ஆசானுக்கே பொறுமை வேண்டியிருந்தது, நாமெல்லாம் எம்மாத்திரம் என்றார். "ஆபீஸ்ல வந்து பாருப்பா" என்று முடித்தார். முன்வரிசை கைதட்டியது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா இல்லையா என்று முன்வரிசையில் ஒருத்தராவது யோசித்திருந்தால்தானே! அருள்முருகன் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். கௌரிசங்கர் ஓடிப்போய் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். சுசீலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்குப் போகும்போது காரில் சேதுமாதவன் பொரிந்து தள்ளினார்.

"பிரியாணிக்கு வந்தவன் பிரியாணியைத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே! என்னை மேடையில வச்சு மடக்குறான்!"

"அவனுக்குக் கல்யாணம்ங்க. குடுத்துடுங்களேன்."

"ஷட்டவுன் நேரம் சுசீ. ஆலையை நிறுத்திப் போட்டுப் பிரிச்சு மாட்டுற சமயம். இப்ப ஒருத்தனை விட்டா கேம்ப்பே கிளம்பிடும். ஃபவாஸ் என்னைத் தோலை உரிச்சுடுவான்."

மறுபடியும் ஃபவாஸ். சுசீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அருள்முருகனே அவளுக்குப் போன் செய்தான். விழா நோட்டீஸில் 'மகளிர் இருக்கைகளுக்கு' என்று போட்டு அவளுடைய நம்பரைக் கௌரிசங்கர் அச்சடித்திருந்தார். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ரூம்ல ராக்கப்பண்ணன்தான் உங்ககிட்டச் சொல்லிப் பாக்கச் சொன்னாரு" என்றான். "ஆபீஸ்ல போயி சாரைப் பாத்தேன். வெளியிலயே ரொம்ப நேரம் நிக்க வச்சாரு. அப்புறம் கூப்பிட்டு, மேடையில மைக்கைப் புடிச்ச ஆளு நீதானடா, ஷட்டவுன் முடியட்டும் வான்னுட்டாரு. ஷட்டவுன் முடியறப்ப முகூர்த்தமும் முடிஞ்சிரும் டீச்சர்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா தம்பி?"

"யாருகிட்டச் சொல்லுறது? ஊருக்குப் போக வர பெர்மிட்டெல்லாம் இப்ப மொபைல்லயே நாமளே போட்டுக்கலாம்ங்கிறாக. அதுக்கும் பாஸ்போர்ட்டு கையில இருக்கணும்ல. கட்டிக்கப்போற பொண்ணு ராதிகா போன் பண்ணா இப்பல்லாம் நான் எடுக்கிறதே இல்ல. என்னான்னு சொல்லுறது? நானும் எத்தன தடவதான் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்லுவேன்?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சுசீலா மறுபடி பேச்சை எடுத்தாள். சேதுமாதவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அதை விடு, ஒரு குட் நியூஸ்" என்றார். கௌரிசங்கர் செயலாளராக இருக்கிற அறவட்டம் என்ற அமைப்பு அவருக்குப் பட்டம் கொடுக்கப் போகிறதாம். 'அறச்செம்மல்'. பொன்னாடை, கேடயம், முகநூல் நேரலை, எல்லாம் உண்டு. கௌரிசங்கர் நடத்துகிற கார்கோ கடைக்கு ஜுபைல் கேம்ப் ஆட்கள் ஊருக்கு அனுப்புகிற பெட்டிகளெல்லாம் போவது சேதுமாதவன் தயவில். பட்டம் பின்னே எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா?

"ஏற்புரை அமர்க்களமா இருக்கணும் சுசீ. அந்த ரஷ்யாக்காரரையே மறுபடி வச்சுக்கோ. அவரு எனக்கு ராசி."

ரஷ்யாக்காரர் ராசியாம்! வேலை போய், புத்தகம் போய் நின்ற மனுஷன் இவருக்கு ராசி. சுசீலாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எழுத உட்கார்ந்தபோது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, இதைத் தவிர வேறு வழி கிடையாது. இந்த மனுஷன் கெஞ்சினால் கேட்க மாட்டார், சட்டம் சொன்னால் கேட்க மாட்டார். ஆனால் மேடையில் தாளில் இருப்பதை அப்படியே வாசித்துவிடுவார். முன்கூட்டிப் படிக்கவும் மாட்டார். ஃபவாஸ் கோபத்தில் வேலையைவிட்டுத் தூக்கினால் வீடு போகும். அவளுடைய இகாமா என்கிற குடியிருப்பு அனுமதியும் அவர் பேரில்தான் இருக்கிறது, எனவே பள்ளிக்கூட வேலையும் போகும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பெண் வீட்டில் பந்தலுக்குச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவையாகப் பயந்துகொண்டிருக்கிறார்களே, அதைவிடவா?

ரஷ்ய ஆசானின் வேலை போன இடத்தை நன்றாக உருக்கி உருக்கி எழுதினாள். அவருக்குக் கண் நிறைந்தால்தான் அடுத்த வரியில் என்ன வருகிறது என்று பார்க்க முடியாது. அதற்கு நேர் கீழே, தாள் திரும்பும் இடத்தில், வைக்க வேண்டியதை வைத்தாள்.

விழாவன்று ஹாலில் இடமே இல்லை. ஷட்டவுனில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்கள் பின்வரிசையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். அருள்முருகனும் இருந்தான். அவனை பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்று சேதுமாதவன் சொல்லியிருந்தாராம். ராக்கப்பன் தனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டார்.

பொன்னாடை போர்த்தினார்கள். அது வழுக்கி வழுக்கி விழுந்ததால் கௌரிசங்கர் பின் குத்தினார். கேடயம் கொடுத்தார்கள். 'அறத்தின் நடமாடும் வடிவம்' என்று யாரோ சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த அறமே கூச்சப்பட்டு எழுந்து போயிருக்கும். பிறகு சேதுமாதவன் மைக் முன்னால் வந்து நின்று, தாளைப் பிரித்தார். கௌரிசங்கரின் மொபைல் ஸ்டாண்டில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

ஆரம்பம் நன்றாகவே போயிற்று. ரஷ்ய ஆசான் வகுப்பறையை விட்டு வெளியேறுகிற இடம் வந்தது. மூக்கு சிவந்தது. குரல் உடைந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். தாள் திரும்பியது.

"சொல்லோடு நின்றுவிட்டால்," என்று வாசித்தார் சேதுமாதவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்தப் பட்டத்தைத் தொடுவதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஆகவே இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். என் அலுவலக அலமாரியில் இருக்கும் அத்தனை பாஸ்போர்ட்டுகளையும் இன்று மாலையே, ஜுபைல் கேம்ப்பில், உரியவர்கள் கையில் நானே ஒப்படைப்பேன்!"

கடைசிச் சொல்லுக்கு வழக்கம்போலக் கையை வேறு உயர்த்தினார். வாய் சொல்லி முடித்த பிறகுதான் விஷயம் மண்டைக்குப் போயிற்று. தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு முன்வரிசையில் சுசீலாவைப் பார்த்தார். உயர்த்திய கையை இறக்கக்கூட மறந்துவிட்டார்.

பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இதுவரை கௌரிசங்கர் சைகை காட்டினால்தான் தட்டுவார்கள். இப்போது யாரும் சைகை காட்டவில்லை. விசில் பறந்தது. "யல்லா, கெளம்புங்கப்பா!" என்று ராக்கப்பன் கத்தினார். கௌரிசங்கர் மைக்கைப் பிடித்து "வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு" என்று ஆரம்பித்தபோது பாதிப் பேர் படியிறங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பிரியாணிப் பொட்டலங்கள் மேசையில் அப்படியே இருந்தன.

"சார் வாக்குன்னா வாக்குதான்" என்று அருள்முருகன் மேடைக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். மொபைல் அவனையும் நேரலையில் காட்டியது. சேதுமாதவனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

காரில் ஏறினதும் ஆரம்பித்தார். முன்னால் பஸ் போய்க்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் இங்கே வரை கேட்டது.

"என்னைக் கொன்னுட்டேடி! நல்லா இருக்கிற குடும்பத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டே!"

"ஆமா. போட்டேன்."

"ஃபவாஸ் என்னை ஏர்போர்ட்டுல கொண்டு தள்ளிடுவான். நாளைக்கு நீயும் நானும் எங்க போய் நிக்கிறது? உனக்கு என்ன தெரியும் அந்தாளைப் பத்தி?"

"தள்ளட்டுங்க. ஊர்ல போயி டியூஷன் எடுக்கிறேன். பயந்து பயந்து இருந்தது போதும்." இதைச் சொல்லும்போது சுசீலாவுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. பாவம், எத்தனை வருஷப் பயம்!

அப்போது போன் அடித்தது. காரின் திரையில் ஃபவாஸ் என்று விழுந்தது. சேதுமாதவன் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. சுசீலாவே கையை நீட்டித் திரையைத் தொட்டாள். கார் முழுக்க ஃபவாஸின் குரல் நிறைந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"சேது, என்ன கூத்து இது? நம்ம எஞ்சினியர் ஒருத்தர் வீடியோ அனுப்பி அர்த்தமும் சொன்னார். பாஸ்போர்ட்டெல்லாம் இன்றைக்குத்தான் திருப்பித் தரப்போகிறாயா?"

"சார், அது வந்து... நான் விளக்கமா..."

"என்ன விளக்கம்? எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடு, அபராதம் போடுவார்கள் என்று நான் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. கொடுத்தாகிவிட்டது என்று மீட்டிங்கில் சொன்னது நீ. இப்போது உலகத்துக்கே காட்டுகிறாய், இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது என்று! கலாஸ், பேச்சு முடிந்தது. இன்றைக்கே கொடுத்து முடி. ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வா."

போன் நின்றது.

சுசீலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபவாஸ் ஆர்டர்னு சொன்னீங்க."

அவர் ஏசியைக் கூட்டி வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன். யாரும் வச்சுக்கச் சொல்லலை. குடுக்கச் சொன்னாங்க. அப்புறமும் எதுக்குங்க வச்சிருந்தீங்க?"

"நாலு பேரு வந்து வாசல்ல நிக்கணும்ல சுசீ!" என்று சேதுமாதவன் வெடித்தார். நிஜமாகவே அவருக்கு மனத்தாங்கல்தான், குரலில் தெரிந்தது. "அது அவனவன் கைக்குப் போயிடுச்சுன்னா அப்புறம் எவன் என்னை மதிப்பான்? சார் சார்னு எவன் வருவான்? உனக்கென்ன, கிளாஸுக்குள்ள போனா பிள்ளைங்க எந்திரிச்சு நிக்குதுங்க."

சுசீலா இத்தனை காலமும் ஒரு பயந்தாங்கொள்ளிக்குச் சமைத்துப் போட்டதாக நினைத்திருந்தாளே! பயந்தாங்கொள்ளியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இவர் வாசலில் நாலு பேர் நிற்பதற்காக அத்தனை பேரையும் பூட்டி வைத்திருக்கிறார். அதே வாயால் ரஷ்ய வாத்தியாருக்காக அழுதிருக்கிறார். அந்த அழுகைக்கு வார்த்தை எடுத்துக்கொடுத்தது அவள். தூ என்றிருந்தது அவளுக்கு, அவரை நினைத்தும் தன்னை நினைத்தும்.

ஜுபைல் கேம்ப் ஆபீஸ் வாசலில் அதற்குள் வரிசை நின்றுவிட்டது. சூரியன் இறங்கியும் புழுக்கம் குறையவில்லை. சேதுமாதவன் அலமாரியைத் திறந்தார். ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்கட்டான பாஸ்போர்ட்டுகள். முதல் இரண்டு பேருக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொடுத்தார். மூன்றாவது ஆள், "சார், நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றான். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது! நாலாவது ஆளுக்குத் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஐந்தாவது ஆள் செல்ஃபி கேட்டான், பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நின்றார். பொன்னாடையைக் காரிலேயே கழற்றி வைக்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனுஷன்! வரும் வழியெல்லாம் நடுங்கினவர் இவர்தானா என்று சுசீலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அருள்முருகன் வந்தான். பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு சடாரென்று குனிந்து சேதுமாதவன் காலைத் தொட்டான்.

"நீங்க தெய்வம் சார். எங் கல்யாணமே உங்களாலதான்."

சேதுமாதவன் கண் கலங்க, அவன் தலைமேல் கையை வைத்தார். "தீர்க்காயுசா இரு. அறம்னு ஒண்ணு இருக்குதுப்பா" என்றார்.

சுசீலாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எந்திரி தம்பி" என்றாள். குரல் வரிசையில் நின்ற கடைசி ஆள்வரை கேட்டது. "அவர் கால்ல விழாதே. இதையெல்லாம் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஃபவாஸ் இப்பத்தான் போன்ல சொன்னாரு. குடுத்துட்டேன்னு அங்க பொய் சொல்லிட்டு, குடுக்காம பூட்டி வச்சிருந்தது இவருதான். வேற யாரும் இல்ல."

"சுசீ!" என்றார் சேதுமாதவன்.

அருள்முருகன் எழுந்தான். அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப தையிலயும்... டீச்சர்?"

"தையிலயும்தான் தம்பி. அதுக்கு முந்தின தடவையும்தான்."

அருள்முருகன் கத்தவில்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"தை முகூர்த்தத்தப்ப எங்கப்பா உசுரோட இருந்தாரு சார்" என்றான். "பங்குனியிலதான் போனாரு. அதுக்கும் நான் போகல."

சேதுமாதவன் வாயைத் திறந்தார். "தம்பி..." என்றார். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் சுசீலாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த கட்டை வாங்கி, மேலே இருந்த பாஸ்போர்ட்டைப் பிரித்து, "ராக்கப்பன்" என்று கூப்பிட்டாள்.